ஒரே கண்மாயில் மூன்று கெளுத்தி: ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு, ஒன்று கோடு போட்டது. எப்படி இனம் பிரிப்பது?

கண்மாய்வாசி:

வணக்கம். வற்றிக்கொண்டு வரும் ஒரு கண்மாயில் தூண்டிலிலும் பறியிலுமாக மூன்று மீன்கள் சிக்கின. மூன்றுக்கும் செதில் இல்லை, மீசை இருக்கிறது. ஊரில் மூன்றையுமே கெளுத்தி என்றுதான் சொல்கிறார்கள். விவரமும் மூன்று படங்களும் கீழே.

மீன் 1: நீளம் 41 செ.மீ. மங்கிய மஞ்சள்பழுப்பு உடம்பு, அதன்மேல் ஒழுங்கில்லாத கருந்திட்டுகள், வெளுத்த வயிறு. கலங்கல் தண்ணீரில், வெறும் சேற்றுத் தரையில் பிடிபட்டது.

மீன் 2: 31 செ.மீ. கிட்டத்தட்ட முழுக் கறுப்பு, திட்டு எதுவும் தெரியவில்லை. தாமரைக்கொடி அடர்ந்த இடத்தில், தெளிந்த தண்ணீரில் வைத்த பறியில் விழுந்தது.

மீன் 3: 12 செ.மீ. வெள்ளி கலந்த பழுப்பு. பக்கவாட்டில் நீளவாக்கில் கோடுகள், செவுளுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி. இது செத்துவிட்டது, ஐஸில் இருக்கிறது.

முதல் இரண்டையும் வெளிர்நீல பிளாஸ்டிக் டிரம்மில் விட்டேன். மறுநாள் காலை கறுப்பு மீன் சாம்பல் நிறமாகிவிட்டது. பக்கவாட்டில் லேசாகத் திட்டு மாதிரி ஏதோ தெரிகிறது. மஞ்சள் மீன் அப்படியே இருக்கிறது.

1, 2 இரண்டும் ஒரே இனமா? மஞ்சள்தான் ஆப்பிரிக்கக் கெளுத்தி, கறுப்பு நம் நாட்டுக் கெளுத்தி என்று இங்கே சொல்கிறார்கள். நாட்டு இனம் என்றால் தண்ணீர் நிற்கும் இன்னொரு குளத்தில் விடலாம் என்று நினைக்கிறேன். மஞ்சள் நிறம் நோயா, அல்பினோவா என்பதும் தெரிய வேண்டும்.

---

செவுள்சீப்பு:

முதலில் ஒன்று: இனம் உறுதியாகும்வரை எதையும் எந்தக் குளத்திலும் விடாதீர்கள். டிரம்மை வலை போட்டு மூடி வையுங்கள். கிளாரியஸ் (ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நாட்டுக் கெளுத்தியும் சேர்ந்த பேரினம்) மீன் துள்ளி வெளியே விழும், ஈரத்தரையில் நெளிந்து நகர்ந்தும் போய்விடும்.

நிறத்தை ஓரமாக வைத்துவிட்டுத் துடுப்பைப் பாருங்கள். நம் பக்கத்து நன்னீர்க் கெளுத்திகளில் பெரும்பாலானவற்றின் குடும்பத்தை மூன்றே இடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்: முதுகுத் துடுப்பு, அதற்கும் வாலுக்கும் இடையில் கொழுப்புத் துடுப்பு (கதிர் இல்லாத சதைத் துடுப்பு) உண்டா இல்லையா, குதத் துடுப்பின் நீளம்.

முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி வாலடிவரை ஒரே நீளமாக ஓடுகிறதா? முன்னால் முள் இல்லையா? கொழுப்புத் துடுப்பு இல்லாமல் நான்கு ஜோடி மீசை இருக்கிறதா? அப்படியென்றால் கிளாரியஸ். ஆனால் வால் தனித் துடுப்பாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். முதுகும் குதமும் வாலோடு ஒட்டி ஒரே விளிம்பாக முடிந்து, தலைக்குப் பின்னால் முள்ளோடு இன்னொரு சின்ன முதுகுத் துடுப்பும் இருந்தால் அது புளோட்டோசஸ். கடலிலிருந்து கழிமுகம் வழியாக ஏறி வருவது.

முதுகுத் துடுப்பு ஆறேழு கதிரோடு குட்டியாக, முள் இல்லாமல் இருந்து, குதத் துடுப்பு மட்டும் வாலடிவரை நீண்டு, நான்கு ஜோடி மீசையும் இருந்தால் தேளி, அதாவது ஹெட்டிரோநியூஸ்டஸ் ஃபாசிலிஸ். கையில் எடுப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதன் மார்புத்துடுப்பு முள்ளில் விஷம் உண்டு.

அதே மாதிரி நீளக் குதத் துடுப்பு, ஆனால் மீசை இரண்டே ஜோடி, உடம்பு பக்கவாட்டில் தட்டை என்றால் வாளைக் குடும்பம். வாய்ப் பிளவு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் வாலாகோ அட்டு. கண்ணுக்கு முன்னாலேயே நின்று, செவுளுக்குப் பின்னால் தோளில் ஒரு கரும்பொட்டும் இருந்தால் ஓம்போக் பைமாகுலேட்டஸ்.

முதுகுத் துடுப்பு குட்டை ஆனால் முன்னால் உறுதியான முள், பின்னால் கொழுப்புத் துடுப்பு, குதத் துடுப்பும் குட்டை, வால் கவை, நான்கு ஜோடி மீசை என்றால் மிஸ்டஸ், ஸ்பெராட்டா வகையறா. உங்கள் மீன் 3 அங்கேதான் வரும். உடம்பு முழுக்க எலும்புத் தகடும் அடியில் உறிஞ்சு வாயும் இருந்தால் அது தென்னமெரிக்கத் தொட்டி மீன், டெரிகோப்ளிக்திஸ். அதைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை.

மீன் 1, 2 இரண்டும் கிளாரியஸ்தான் என்று வைத்துக்கொண்டால் வேலை இனிமேல்தான். துடுப்புக் கதிர் எண்ணிக்கை இங்கே உதவாது. கேரிபினஸ் என்ற ஆப்பிரிக்க இனத்துக்கும் நாட்டு இனங்களுக்கும் எண்ணிக்கை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். பார்க்க வேண்டியவை மூன்று.

அ) பிடரி எலும்பு. தலைக்கு நேர்மேலே இருந்து பாருங்கள். தலையோடு பின்னால் முதுகை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு நுனி கேரிபினஸுக்குக் கூர்மையாக இருக்கும். நம் நாட்டு இனமான மாகுருக்கு அகன்று வட்டமாக முடியும். தோல் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெளிவில்லை என்றால் ஈரத்துணியால் வழவழப்பைத் துடைத்துவிட்டு விரலால் தடவுங்கள்.

ஆ) மார்புத்துடுப்பு முள். கேரிபினஸுக்கு ரம்பப்பல் வெளி விளிம்பில் மட்டும்தான். மாகுர் வகையில் வெளி விளிம்பு சொரசொரப்பாகவும் உள் விளிம்பு பல்லாகவும் இருக்கும். நகத்தால் இரண்டு விளிம்பையும் நுனியிலிருந்து அடிநோக்கி வருடினால் தெரியும்.

இ) முதல் செவுள் வளைவில் உள்ள சீப்புப் பற்கள். கேரிபினஸுக்கு மெல்லியதாக, நீளமாக, நெருக்கமாக இருக்கும். எண்ணிக்கை 24-லிருந்து 110 வரை, மீன் வளர வளரக் கூடும். நாட்டு இனங்களுக்குக் குட்டை, குறைவு, இடைவெளி அதிகம். மூன்றில் நான் அதிகம் நம்புவது இதைத்தான், ஆனால் செத்த மீனில்தான் சரியாக எண்ண முடியும்.

பழைய கையேடுகளில் நம் நாட்டு மீனை கிளாரியஸ் பட்ராக்கஸ் என்று போட்டிருப்பார்கள். இப்போது அந்தப் பெயர் ஜாவா மீனுக்கு மட்டும். தெற்காசியாவில் இருப்பது மாகுர், மேற்குத்தொடர்ச்சி மலைப் பக்கம் துசுமியேரி, இலங்கையில் பிராக்கிசோமா.

---

தூண்டில்முனை:

பதிலில் சொன்ன எலும்பு, முள் எல்லாம் பார்க்க மீனைக் கையில் எடுக்கணும். அதற்கு முன் ஒரு வார்த்தை.

இந்த மீன்களுக்கு மார்பு முள் நிமிர்ந்தால் பூட்டு விழுந்துவிடும், நீங்கள் அழுத்தி மடக்க முடியாது. வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், உடம்பைச் சுழற்றிக் குத்தும். உள்ளங்கையை வயிற்றுப் பக்கத்திலிருந்து கொண்டுபோய், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு மார்பு முள்ளுக்கும் பின்னால் பிடித்த மாதிரி வையுங்கள். ஈரமான பருத்தித் துணி போதும். வலைக்கையுறை போட்டால் முள் பல் அதில் மாட்டிக்கொண்டு மீனுக்கும் உங்களுக்கும் சேர்த்துத் தொந்தரவு.

தேளியோ வேறு எதுவோ குத்திவிட்டால், முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பொறுக்கிற அளவு வெந்நீரில் முக்கி வையுங்கள். 45 டிகிரியை ஒட்டி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள், வலியில் இருக்கும் கை சூட்டை உணராமல் வெந்துபோகும். வீக்கம் ஏறினால், மூச்சு சிரமப்பட்டால், அல்லது ஆழமான குத்து என்றால் மருத்துவமனைதான். டெட்டனஸ் தடுப்பூசி விஷயத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து போட்டோ. நீங்கள் போட்ட மூன்றில் இரண்டு படம் பிளாஷ் அடித்து எடுத்தது. செதில் இல்லாத தோல் ஈரத்தில் கண்ணாடி மாதிரி பளபளக்கும், பாதி மீன் வெள்ளையாக விழுந்துவிட்டது. திறந்த நிழலில், வெயில் நேராக விழாத இடத்தில் எடுங்கள். பின்னணி வெள்ளையும் வேண்டாம் கறுப்பும் வேண்டாம், நடுத்தரச் சாம்பல் நிற அட்டை அல்லது தகடு. வெள்ளைப் பின்னணியில் கேமரா மீனை இருட்டாக்கும், கறுப்பில் வெளுக்க வைக்கும். பிறகு உட்கார்ந்து நிறம் பேசிப் பயனில்லை.

தேவையான கோணங்கள்: இடது பக்கம் முழுசாக, துடுப்புகள் விரிந்து, தலை நேர்மேலிருந்து, தாடை கீழிருந்து, மீசை எல்லாம் தெரிகிற மாதிரி, மார்பு முள் கிட்டத்தில், முதுகு, குதத் துடுப்புகள் வெளிச்சத்துக்கு எதிராக. பக்கத்தில் அளவுகோல். தண்ணீரிலிருந்து எடுத்த முதல் நிமிடத்தில் ஒரு படம் கட்டாயம், ஏனென்றால் அடுத்த சில நிமிடங்களில் நிறம் மாறத் தொடங்கிவிடும். கண்மாயிலிருந்து எடுத்தபோதே எடுத்த படம் இருந்தால் அதையும் போடுங்கள்.

---

நிறமிக்குறிப்பு:

நிறத்தை ஒதுக்கி வையுங்கள் என்று செவுள்சீப்பு சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். இனம் பிரிக்க நிறத்தை நம்பக்கூடாது, சரி. ஆனால் உங்கள் மீன் 2 டிரம்மில் வெளுத்ததே, அது நிறையச் சொல்கிறது. படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கெளுத்தியின் நிறம் தோலில் உள்ள நிறமிச் செல்களால் வருகிறது. கறுப்பு, பழுப்புக்கு மெலனின் உள்ள கருநிறமிச் செல். மஞ்சளுக்கு வேறொரு செல், அதில் இருப்பது கரோட்டினாய்டு, டெரிடின் என்ற நிறமிகள். வெள்ளிப் பளபளப்புக்கும் வயிற்று வெண்மைக்கும் குவானின் படிகம் கொண்ட செல். நீலம் என்று தனியாக நிறமி இந்த மீன்களில் கிடையாது. நீலச்சாம்பல் தெரிந்தால் அது படிகத்தில் சிதறும் ஒளியும் அடியிலுள்ள கறுப்பும் சேர்ந்து காட்டுகிற வேலை.

கருநிறமிச் செல் கிளை பரப்பிய வடிவம் கொண்டது. உள்ளே உள்ள மெலனின் துகள்கள் கிளை நுனிவரை பரவினால் மீன் கறுக்கும். நடுவில் குவிந்தால் வெளுக்கும். செல் அதேதான், எண்ணிக்கையும் அதேதான், துகள் இருக்கிற இடம் மட்டும் மாறுகிறது. இதை ஆட்டுவிப்பது நரம்பும் ஹார்மோனும் சேர்ந்து. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விடும் எம்.எஸ்.எச் என்ற ஹார்மோன் துகளைப் பரப்பும், எம்.சி.எச் என்ற ஹார்மோன் குவிக்கும். கட்டளை பிறக்கும் இடம் கண். மேலிருந்து வரும் வெளிச்சத்தையும் தரையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டு, தரை வெளிர் என்றால் வெளுக்கச் சொல்லும், தரை இருட்டு என்றால் கறுக்கச் சொல்லும். இரண்டு கண்ணும் கெட்ட மீன் பெரும்பாலும் எங்கே விட்டாலும் கறுத்தே கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த மாற்றம் நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் நடக்கும். உங்கள் மீன் 2 செய்தது இது. தாமரை இலை நிழலும் கருஞ்சேறும் இருந்த இடத்தில் முழுக்கப் பரவியிருந்த துகள், வெளிர்நீல டிரம்மில் குவிந்துவிட்டது. கறுப்பு திரைபோல் மூடியிருந்தவரை அடியில் இருந்த திட்டு தெரியவில்லை. திரை விலகியதும் தெரிகிறது.

இன்னொரு வகை மாற்றம் மெதுவானது. வாரக்கணக்கில் ஒரே பின்னணியில் கிடக்கும் மீனுக்குச் செல் எண்ணிக்கையே கூடும் அல்லது குறையும், செல்லுக்குள் உள்ள மெலனின் அளவும் மாறும். கலங்கல் தண்ணீரில் வளர்ந்த மீன் வெளுத்து மஞ்சளாக இருப்பது இப்படி. மீன் 1-ஐக் கறுப்புத் தொட்டியில் விட்டாலும் ஒரே நாளில் மீன் 2 மாதிரி கறுத்துவிடாது, ஏனென்றால் பரப்புவதற்கு அதனிடம் துகள் குறைவு. கறுப்பு குறையும்போது எப்போதும் அடியில் இருந்த மஞ்சள் மேலோங்கித் தெரிகிறது. மஞ்சள் புதிதாக வந்ததல்ல.

ஆக நிறத்தில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒட்டுமொத்த இருட்டு, வெளுப்பு என்பது இடத்தைச் சொல்லும், இனத்தைச் சொல்லாது. குறி இருக்கும் இடம், அதாவது தோள்பொட்டு, கொழுப்புத் துடுப்பின் முனையில் உள்ள பொட்டு, பக்கக்கோடு ஒட்டிய வரி, இவை மங்கும், தெளியும், ஆனால் இடம் மாறாது. இனத்துக்கு உதவுவது அதுதான். ஸ்பெராட்டாவுக்குக் கொழுப்புத் துடுப்பின் பின்முனையில் கரும்பொட்டு. ஹோராபேக்ரஸ் பிராக்கிசோமாவுக்குத் தோளில் மஞ்சள் வளையத்துக்குள் பெரிய கரும்பொட்டு. இவையெல்லாம் வெளுத்த மீனிலும் தேடினால் கிடைக்கும்.

---

தூண்டில்முனை:

அதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவு இரண்டு வாளி அல்லது தொட்டி, ஒன்றின் உள்பக்கம் வெள்ளை, ஒன்று கறுப்பு. பெயின்ட் அடிக்க வேண்டாம், அந்த நிறத்திலேயே பிளாஸ்டிக் வாங்குங்கள். இரண்டிலும் அதே கண்மாய்த் தண்ணீர், அதே ஆழம், ஒரே வெளிச்சம். வெளிச்சம் மேலிருந்து விழ வேண்டும், இரவில் செய்தால் எதுவும் தெரியாது. வெள்ளையில் மீன் 2, கறுப்பில் மீன் 1. அரை மணியில் ஒரு படம், நான்கு மணி நேரத்தில் ஒரு படம், மறுநாள் ஒன்று. பிறகு இடம் மாற்றி அதையே திரும்பச் செய்யுங்கள். திட்டுகள் இரண்டு தொட்டியிலும் அதே இடத்தில் இருந்தால் அது மீனின் சொந்தக் கோலம்.

இதில் கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். மீனை அடிக்கடி கையிலெடுத்தால் அதிர்ச்சியிலேயே நிறம் மாறும், பின்னணியின் வேலை தெரியாது. கலங்கல் தண்ணீர் ஊற்றினால் தொட்டிச் சுவரே மீனுக்குத் தெரியாது, கறுப்புத் தொட்டியிலும் வெளுத்தே கிடக்கும். தண்ணீரை ஒரு ராத்திரி தெளியவிட்டு மேல்தண்ணீரை எடுங்கள்.

---

கண்மாய்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பார்த்தவரை சொல்கிறேன்.

1, 2 இரண்டுக்கும் முதுகுத் துடுப்பு நீளம், கொழுப்புத் துடுப்பு இல்லை, வால் தனி, மீசை நான்கு ஜோடி. பிடரி எலும்பு மீன் 1-ல் தெளிவான கூர்நுனி. மீன் 2-லும் கூர்தான் என்று தோன்றுகிறது, ஆனால் தடவிப் பார்த்துச் சொல்வதால் அடித்துச் சொல்ல முடியவில்லை. மார்பு முள்ளில் இரண்டுக்கும் வெளி விளிம்பு மட்டும் சொரசொரப்பு.

மீன் 3-க்குக் கொழுப்புத் துடுப்பு குட்டை, முதுகுத் துடுப்புக்கும் அதற்கும் நடுவே நல்ல இடைவெளி. மேல்தாடை மீசை வயிற்றுத் துடுப்பைத் தாண்டிப் போகிறது. ஐஸில் இருந்ததில் கோடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன, தோள்பொட்டு மட்டும் இருக்கிறது.

மீன் 1-ல் மஞ்சள் நோயாக இருக்கலாமோ என்ற சந்தேகம் இன்னும் இருக்கிறது. வயிற்றோரம் லேசாகச் சிவப்பும் தெரிகிறது.

---

குளத்துமருந்து:

அல்பினோ கிடையாது, அதை உடனே தள்ளிவிடலாம். கருந்திட்டு இருக்கிறது என்றாலே மெலனின் இருக்கிறது. அல்பினோவுக்கு உடம்பில் எங்கும் கறுப்பு இருக்காது, கண்மணியும் சிவப்பு. கிளாரியஸின் கண் மிகச் சின்னது என்பதால் பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உடம்பு வெள்ளை, கண் மட்டும் கறுப்பு என்றால் அது வேறு வகை வெண்மை. ரோஸ் நிறத்தில் பெரிய பெரிய துண்டும் இடையில் சாதாரணக் கறுப்பும், ஓரம் வெட்டியெடுத்த மாதிரி இருந்தால் கலப்புத்தோல் மீன், அது பெரும்பாலும் அலங்கார மீன் வளர்ப்பிலிருந்து வந்தது. உங்களுடையது ஓரம் கலைந்த திட்டு. இது இந்த இனத்துக்கு இயல்பான பளிங்குக் கோலம்.

அல்பினோ இயற்கை நீர்நிலையில் நிலைப்பது கடினம். ஃபுளோரிடாவில் 1960-களில் வளர்ப்புப் பண்ணைகளிலிருந்து தப்பிய 'நடக்கும் கெளுத்தி' என்ற கிளாரியஸ் மீன்களில் ஏராளமானவை வெள்ளை மீன்கள். இப்போது அங்கே பிடிபடுவது கறுப்பும் பழுப்பும்தான். வெள்ளையைப் பறவை முதலில் எடுத்துவிடும்.

நோய் மஞ்சள் எப்படி இருக்கும் என்றால், கல்லீரல் கெட்டுப் பித்தநிறமி ஏறியதால் வருவது. அது தோலோடு நிற்காது. வயிற்றுத் தோல், துடுப்பு அடி, அறுத்தால் சதை, கொழுப்பு எல்லாமே மஞ்சளாக இருக்கும், மீன் சோர்ந்து இரை எடுக்காமல் கிடக்கும். கெட்டுப்போன இறைச்சிக் கழிவு போட்டு வளர்க்கும் பண்ணை மீனில் இதைப் பார்க்கலாம். உங்கள் மீனின் வயிறு வெளுப்பு என்கிறீர்கள், அதனால் இது அதுவல்ல. மக்காச்சோளம் அதிகம் தின்ற பண்ணைக் கெளுத்திக்கும் சதை மஞ்சளாகும், ஆனால் அது நோயில்லை, தீவனத்தில் உள்ள லூட்டீன், சியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமிகள் படிவது.

வயிற்றோரச் சிவப்பைத்தான் கவனிக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுங்கள். சிவப்பு ஒரு நொடி மறைந்து திரும்பினால் ரத்த ஓட்டம் கூடியிருக்கிறது, பிடிபட்ட அதிர்ச்சியில் வருவது, தொட்டியில் அடங்கிவிடும். அழுத்தினாலும் மறையாமல் புள்ளி புள்ளியாக இருந்தால் தோலுக்கடியில் ரத்தக் கசிவு. பறியில் உராய்ந்த காயமாக இருக்கலாம். புள்ளிகள் துடுப்பு அடி, ஆசனவாய்ப் பக்கம் பரவினால் ஏரோமோனாஸ் மாதிரி பாக்டீரியா தொற்று. அந்த மீனைத் தனியாக வையுங்கள், அந்தத் தண்ணீரை வேறு தொட்டியில் ஊற்றாதீர்கள்.

அதே மாதிரி திடீரென்று உடம்பு முழுக்க வெள்ளைப் படலம் வந்தால் நிறமாற்றம் என்று எழுதி வைக்காதீர்கள். வழவழப்பு தடித்துவிட்டது. அம்மோனியா ஏறிய தண்ணீரில் நடக்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் தெளியும்.

---

வடகரை:

வேறு கண்டத்து உதாரணம் ஒன்று. வட அமெரிக்காவில் புள்ளிக் கெளுத்தியையும் நீலக் கெளுத்தியையும் குழப்பிக்கொள்வது தினமும் நடக்கும். குஞ்சில் கரும்புள்ளி இருப்பது புள்ளிக் கெளுத்தி, சரி. ஆனால் அது பெரிதானதும் புள்ளி போய்விடும். இனப்பெருக்கக் காலத்து ஆண் மீன் நீலக்கறுப்பாகித் தலையும் பருத்துவிடும், உடனே நீலக் கெளுத்தி என்று பெயர் வைத்துவிடுவார்கள். அங்கேயும் விடை குதத் துடுப்பில்தான். நீலக் கெளுத்திக்கு விளிம்பு நேர்க்கோடு, கதிர் 30-க்கு மேல். புள்ளிக் கெளுத்திக்கு விளிம்பு வட்டம், கதிர் 24 முதல் 29 வரை. எண்ணும்போது கடைசியில் ஒரே அடியிலிருந்து பிளந்து நிற்கும் இரண்டை ஒன்றாக எண்ணுங்கள், பெரும்பாலோர் அங்கேதான் ஒன்று கூட்டிவிடுகிறார்கள்.

பங்காஸ் என்று விற்கும் மீகாங் கெளுத்தியும் இப்படியே. குஞ்சுக்குப் பக்கத்தில் பளிச்சென்று இரண்டு கருவரி, வளர்ந்தால் வெறும் சாம்பல். குஞ்சு படத்தை வைத்து வளர்ந்த மீனைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

---

செவுள்சீப்பு:

மீன் 3 மிஸ்டஸ் விட்டாட்டஸ் வகை. கொழுப்புத் துடுப்பு குட்டை, முதுகுத் துடுப்போடு ஒட்டவில்லை என்பதே போதும். முதுகுத் துடுப்பு முடிந்ததும் உடனே தொடங்கி நீளமாக ஓடியிருந்தால், மீசையும் வாலடியைத் தொட்டிருந்தால், கோடும் இல்லை என்றால் மிஸ்டஸ் கவாசியஸ் என்று சொல்லியிருப்பேன். கோடு அழிந்ததில் ஆச்சரியமில்லை. உயிர் போனதும் செல்லுக்குக் கட்டளை நின்றுவிடும், ஐஸ் பட்ட இடமும் தட்டில் அழுந்திய இடமும் தனித்தனியாக வெளுக்கும். சந்தை மீனில் தெரியும் நிறத்தை வைத்துக் கோடு போட்டது, போடாதது என்று பிரிப்பது வீண் வேலை.

மீன் 2-க்குச் செவுளை எண்ணிவிடுவதே நல்லது. முள்ளும் பிடரியும் சொல்வதைப் பார்த்தால் கேரிபினஸ்தான், திரும்பக் குளத்துக்குப் போக வேண்டிய மீன் அல்ல. நிறைய ஐஸ் கலந்த தண்ணீரில் விட்டு உணர்விழந்த பிறகு, தலைக்குப் பின்னால் தண்டுவடத்தை வெட்டிவிடுங்கள். வெறும் குளிர் இந்த மீனை உடனே கொல்லாது.

இடது செவுள்மூடியைக் கத்தரியால் வெட்டித் திறந்து, முதல் வளைவை மேலும் கீழும் வெட்டி முழுசாக வெளியே எடுங்கள். வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு விரித்து, சிவப்பு இழைகளுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பற்களை எண்ணுங்கள். ஊசி நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே எண்ணினால் தவறாது. இரு முனையிலும் உள்ள குட்டிப் பற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரியை வைத்துக்கொள்வதானால், முதலில் துடுப்பில் சுண்டுவிரல் நகமளவு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டுவிடுங்கள். பிறகு டிஎன்ஏ பார்க்க அது வேண்டும், ஃபார்மலின் பட்ட சதை அதற்கு ஆகாது. உடம்பைக் கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்த கரைசலில் போடுங்கள். 31 செ.மீ. மீனுக்கு வயிற்றில் வலதுபக்கம் ஒரு கீறல் போடாவிட்டால் குடல் அழுகும். ஒரு வாரம் கழித்து நல்ல தண்ணீரில் அலசி 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். கையுறை, காற்றோட்டம் கட்டாயம். மஞ்சளும் சிவப்பும் ஆல்கஹாலில் கரைந்து போய்விடும், மெலனின் மட்டும் நிற்கும். பழைய விவரணைகளில் பாதி மீன் பழுப்பாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

---

கண்மாய்வாசி:

எண்ணிவிட்டேன். மீன் 2, முதல் வளைவில் 47 பற்கள். மெல்லியதாக நெருக்கமாக இருக்கின்றன. தோலை உரித்துப் பார்த்ததில் பிடரி எலும்பும் கூர்தான்.

மீன் 1-ஐக் கறுப்புத் தொட்டியில் ஒரு நாள் வைத்ததில் முதுகு மட்டும் கொஞ்சம் கறுத்தது. திட்டுகள் அதே இடத்தில். வயிற்றுச் சிவப்பு அழுத்தினால் மறைகிறது, இப்போது முன்னைவிடக் குறைவு.

---

செவுள்சீப்பு:

31 செ.மீ. மீனுக்கு 47 என்றால் சந்தேகமே இல்லை, கேரிபினஸ். இரண்டும் ஒரே இனம், வளர்ந்த இடம் வேறு. மீன் 1-ன் தாடைக்கு அடியில், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு கரும்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வளர்ந்த கேரிபினஸுக்கு இருக்கும், சின்ன மீனில் இருக்காது.

இந்தியாவில் இதை வளர்க்க 2000-லிருந்தே தடை. மீன் 1-ஐயும் எங்கேயும் விடாதீர்கள். அந்தக் கண்மாய் முழுக்க வற்றுவதற்குள் மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். தண்ணீர் குறைவாக இருக்கும்போதுதான் வலை போட்டு வழித்தெடுக்க முடியும். கரையோரச் சேற்று வளைகளைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஈரச்சேற்றில் மாதக்கணக்கில் கிடக்கும் மீன் இது.

---

தூண்டில்முனை:

தாமரைக்கொடிப் பக்கம் இன்னும் இரண்டு பறி போட்டுவிடுங்கள். வட்டப் பிடரியோடு ஒன்று விழுந்தால் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடலாம்.